மலைநாட்டுச் சுண்ணாம்புக்கல்லில் கடல் முள்ளெலி கிடைக்குமா?

2024 பெப்ரவரி 3 – கேள்வி, மாத்தளையிலிருந்து

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து முடிந்த தேயிலை மலைக்கு டொலமைற் (மண்ணுக்குப் போடும் சுண்ணாம்புக்கல் பொடி) போட்டார்கள். மூட்டைக்குள் பொடியாகாத துண்டு ஒன்று கிடந்தது. உடைத்துப் பார்த்தேன், தட்டைத் தட்டையான முகங்கள், வெயிலில் பளீரென்று மின்னுகிறது. சுண்ணாம்புக்கல் கடலில் உண்டானது என்று படித்திருக்கிறோம். கடல் முள்ளெலியின் (முட்கள் மூடிய ஓடுள்ள கடல் பிராணி) உயிர்ச்சுவட்டை, அதாவது பாறையில் கல்லாகிப்போன எச்சத்தை, உடைத்தாலும் இதே போல் மின்னும் என்று ஓரிடத்தில் வாசித்தேன். அப்படியானால் இது முள்ளெலித் துண்டாக இருக்கலாம் அல்லவா டீச்சர்?

2024 பெப்ரவரி 3, இரவு

இல்லை தம்பி. மாத்தளை, நாலந்த, திகனப் பக்கம் வெட்டியெடுக்கும் கல் கடலடியில் படிந்த சுண்ணாம்பாகத்தான் தொடங்கியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அதே நிலையில் இருந்துவிடவில்லை. மலைநாட்டின் பாறைகள் எல்லாம் பூமிக்குள் ஆழமாகப் போய், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அந்த உருமாற்றம் நடந்தது ஏறக்குறைய 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். மூலப் பாறைகள் அதைவிட மிகப் பழையவை. கடல் முள்ளெலிகளோ ஓர்டோவிசியன் காலத்தில், சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் முதன்முதலாகப் பாறையில் தென்படுகின்றன. அந்தச் சுண்ணாம்பு சலவைக்கல்லாக மாறி முடிந்தபோது உலகத்தில் முள்ளெலியே பிறந்திருக்கவில்லை.

வயது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வெப்பத்தில் பழைய மணிகள் எல்லாம் உருவிழந்து மறுபடியும் பளிங்காகிவிட்டன. உங்கள் கல்லில் அங்கங்கே கறுப்பாகச் செதில் செதிலாக ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அது காரீயம், பென்சிலில் வரும் கிரபைற்று. ஒரு காலத்தில் உயிர் இருந்திருந்தால்கூட அதில் மிஞ்சுவது அந்தக் காபன் மட்டும்தான்.

2024 பெப்ரவரி 4, காலை

ராத்திரி வயதை மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். தம்பியின் கேள்வியில் நல்ல பகுதி அதுவல்ல, அந்த மின்னல். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

முள்ளெலியின் ஓடு பல தட்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு தட்டும், ஒவ்வொரு முள்ளும், தனித்தனி ஒற்றைக் கல்சைற் (சுண்ணாம்புக் கனிமம்) பளிங்கு. உயிரோடு இருக்கும்போது அது முழுக்க நுண்ணிய துளைகள் கொண்ட வலை. துளைகளுக்குள் உயிருள்ள இழையம் ஓடும். செத்துப் புதைந்த பிறகு அந்தத் துளைகளிலும் கல்சைற் வந்து அடைத்துக்கொள்ளும், அதுவும் பழைய பளிங்கின் போக்கிலேயே வளரும். கடைசியில் வலையும் அடைப்பும் ஒரே பளிங்கு. அதனால்தான் உயிர்ச்சுவட்டு முள்ளை முறித்தால் முறிந்த இடம் கரடுமுரடாக இல்லாமல், சாய்வான ஒற்றை முகமாக, கண்ணாடி போல மின்னும். சிப்பியை முறித்தால் இப்படி வராது.

சலவைக்கல்லும் கல்சைற், டொலமைற் மணிகளால் ஆனது. அவையும் சாய்வான முகங்களில்தான் பிளக்கும். ஆகவே மின்னுவது மட்டும் போதிய சாட்சி இல்லை. கல்லைக் கையில் வைத்து வெயிலில் மெதுவாகத் திருப்புங்கள். சலவைக்கல்லில் ஒரு மணி மின்னி அணையும், பக்கத்து மணி வேறு கோணத்தில் மின்னும், மணிகளின் ஓரத்துக்கு ஒழுங்கு கிடையாது. முள்ளெலித் துண்டில் மின்னும் பரப்பின் எல்லை ஒரு உறுப்பின் எல்லையாக இருக்கும். முள் என்றால் வட்டம். தட்டு என்றால் நேர்க்கோட்டு ஓரங்கள் கொண்ட ஐங்கோணம் மாதிரி ஒன்று. வடிவமும் மின்னலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

2024 பெப்ரவரி 4, மாலை

பலாங்கொடை அண்ணன் நட்சத்திரம் தெரிகிற கல் ஒன்றைப் படம் போட்டு, இதுவும் முள்ளெலியா என்று கேட்டிருக்கிறார். கதிர்களை எண்ணுங்கள். ஆறு இருக்கிறது. முள்ளெலி ஐந்தின் கணக்கில் கட்டப்பட்ட பிராணி. உங்களுடையது நட்சத்திர நீலக்கல் வகை. கல்லுக்குள் ஊசி ஊசியாக றூற்றைல் என்ற கனிமம் மூன்று திசைகளில் கிடக்கிறது, வெளிச்சம் அதில் பட்டு ஆறு கதிராகப் பிரிகிறது. வெளிச்சத்தை நகர்த்தினால் அந்த நட்சத்திரமும் நகரும். உயிர்ச்சுவட்டில் உள்ள நட்சத்திரம் நகராது. கல்லைப் பத்திரமாக வையுங்கள்.

2024 பெப்ரவரி 9

ஓட்டின் அமைப்பை ஒழுங்காகச் சொல்லச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் மேசையில் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

இது அரியலூர்க் கல். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போனது. அரியலூர் அப்போது திருச்சி மாவட்டம். அங்கே பிறந்து வளர்ந்த அண்ணன் ஒரு தடவை எங்களைப் பார்க்க வந்தபோது, "நீதானே கல்லு கில்லுன்னு அலையுறவ" என்று சொல்லி இதைக் கொடுத்துவிட்டுப் போனார். சுமார் ஏழு கோடி ஆண்டுப் பழைய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் உள்ளது. அந்தக் கடலடி உயிர்கள் நெடுங்காலமாக அறிவியலுக்குத் தெரிந்தவை. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இலேயே தென்னிந்தியக் கற்களிலிருந்து முள்ளெலிகளை விவரித்தார். ஸ்டோலிச்கா 1873இல் அவற்றைத் தனியாக எடுத்து எழுதினார்.

முதலில் பட்டைகள். ஓட்டின் உச்சியிலிருந்து வாய் வரை, தோடம்பழச் சுளைகளைப் போல, பத்துப் பட்டைகள் இறங்குகின்றன. ஐந்து பட்டைகளில் துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் குழாய்க்கால்கள் வெளியே வரும். அவற்றைக் காற்பட்டை என்கிறேன். இடையில் உள்ள ஐந்தும் இடைப்பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு வரிசைத் தட்டுகள். எனவே மொத்தம் 20 வரிசை. இன்று கடலில் உள்ள எந்த முள்ளெலியை எடுத்தாலும் இந்த 20தான்.

துளைகள் இரட்டையாக இருக்கும். ஒரு குழாய்க்காலுக்கு இரண்டு துளை, உள்ளே இருக்கும் நீர்ப்பையோடு அதை இணைக்க. என் கல்லில் காற்று மழை பட்டு மேற்பரப்பு தேய்ந்திருக்கிறது, சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் நனைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தேன். தட்டுகளின் பொருத்துகள் மெல்லிய சாம்பல் கோடுகளாக எழுந்து வந்தன. காற்பட்டைகள் உச்சிக்கருகே விரிந்து, கீழே போகப் போக ஒடுங்குகின்றன. மேலே இருந்து பார்த்தால் ஐந்து இதழ். இதழில் வெளித் துளை நீண்டு கீறல் மாதிரி இருக்கிறது, உள் துளை சிறியது. அந்தக் கால்கள் நடக்கிற கால்கள் அல்ல. தட்டையாக விரிந்து மூச்சு வாங்குகிற கால்கள். மணலுக்குள் புதைந்து வாழ்கிற பிராணிக்கு மேற்புறத்தில்தானே மூச்சு வேண்டும்.

முள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் முள் இருந்த குமிழ்கள் ஊசிமுனைக் கணக்கில் ஓடு முழுக்க இருக்கின்றன. முள்ளின் அடி கிண்ணம், ஓட்டில் உள்ளது பந்து. இடுப்பெலும்பில் படிக்கிற அதே பந்துக்கிண்ண மூட்டு. குமிழின் தலையில் நடுத்துளை உண்டா இல்லையா, குமிழின் தோளில் பற்கள் உண்டா இல்லையா என்று பார்ப்பார்கள். வகைப்பாட்டில் இந்த இரண்டும் பெரிய சாட்சிகள். கைலென்ஸ் இல்லாமல் அதைத் தொடவேண்டாம்.

2024 பெப்ரவரி 10

முள்ளெலியின் ஓட்டை "வெளிக்கூடு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பரீட்சைத் தாளிலும் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது அகவன்கூடு, தோலுக்கு உள்ளே இருக்கும் கூடு. ஓட்டின் மேலும் முட்களின் மேலும் மெல்லிய தோல் உண்டு. நண்டு கூட்டைக் கழற்றிவிட்டுப் பெரிதாகும், முள்ளெலி கழற்றவே கழற்றாது. தட்டுகளை ஓரங்களில் வளர்த்துக்கொண்டும், உச்சியில் புதுத் தட்டுகளைச் சேர்த்துக்கொண்டும் பெரிதாகும். ஆகவே ஒரு பட்டையில் வாய்க்கருகே உள்ளது குழந்தைப் பருவத்துத் தட்டு, உச்சிக்கருகே உள்ளது சாகும் முன் போட்ட தட்டு. ஒரே ஓட்டில் அதன் வாழ்நாள் முழுக்க வரிசையாக இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கல்லைக் கீழே வைக்க மனம் வராது.

2024 பெப்ரவரி 16

உச்சியைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்று ஹட்டன் தங்கச்சி கேட்டிருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டேன், அதற்குத் தனி இடம் தேவை.

வட்ட முள்ளெலியின் உச்சியில் சிறு தட்டுகளின் வட்டம் ஒன்று உண்டு. ஐந்து இனப்பெருக்கத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் முட்டையோ விந்தோ வெளியேற ஒரு துளை. அவற்றுக்கிடையே ஐந்து கண் தட்டுகள். கண் என்று பெயர்தான், பார்வை எதுவும் இல்லை. காற்பட்டையின் நீர்க்குழாய் அங்கே வந்து முடியும். புதுத் தட்டுகள் பிறப்பதும் அந்தக் கண் தட்டுகளின் ஓரத்தில்தான். இனப்பெருக்கத் தட்டுகளில் ஒன்று மட்டும் சல்லடை போல் நுண்துளைகள் நிறைந்தது. உடம்பின் நீர்த்தொகுதிக்கும் வெளிக்கடலுக்கும் அதுதான் தொடர்பு.

இந்தச் சல்லடைத் தட்டு ஏன் முக்கியம்? வட்டமான முள்ளெலிக்கு முன் எது, பின் எது? பார்த்தால் தெரியாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றே. இதயவடிவ முள்ளெலிக்குத் தெரியும், அது ஒரு திசையில் மண்ணைத் துளைத்துக்கொண்டு போகிறது, குதம் பின்னால் இருக்கிறது. சுவீடன் நாட்டு ஸ்வென் லோவன் 1874இல் எல்லா முள்ளெலிகளின் தட்டுகளுக்கும் ஒரே எண் முறையைக் கொடுத்தார். காற்பட்டைகளுக்கு ரோம எண் I முதல் V வரை, இடைப்பட்டைகளுக்கு 1 முதல் 5 வரை. முன்னால் இருப்பது காற்பட்டை III, பின்னால் இருப்பது இடைப்பட்டை 5. சல்லடைத் தட்டு எப்போதும் 2ஆம் எண் இனப்பெருக்கத் தட்டு. ஆக, வட்டமான ஓட்டில் சல்லடைத் தட்டைக் கண்டுபிடித்தால் போதும், மற்ற ஒன்பது பட்டைகளுக்கும் பெயர் வந்துவிடும். ஒரு திசையும் இல்லாததுபோல் தெரிகிற பிராணிக்குள்ளேயும் முன்பின் கணக்கு இருக்கிறது.

உயிர்ச்சுவட்டை விவரிக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அளவும் உயரமும் பிறகு. கல்லைத் திசைப்படுத்தாமல் எழுதிய விவரணத்தை இன்னொருவர் தன் கல்லோடு ஒப்பிடவே முடியாது.

2024 பெப்ரவரி 17

இப்போது வகைப்பாட்டுச் சண்டைக்கு வருவோம். "ஒழுங்கானது, ஒழுங்கற்றது என்று இரண்டாகப் பிரித்தால் வேலை முடிந்தது, மற்றதெல்லாம் குழப்பம்" என்று எழுதியவருக்கு:

ஒழுங்கானது என்றால் வட்டமான ஓடு, வாய் கீழ்ப்பக்க நடுவில், குதம் உச்சித் தட்டுகளின் நடுவில். ஒழுங்கற்றது என்றால் குதம் உச்சி வட்டத்தை விட்டு வெளியே வந்து பின்னால் நகர்ந்திருக்கும். கல்லைப் பிரித்து அடுக்க இது வசதி. நானும் பிள்ளைகளுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் உறவுமுறை என்று வந்தால் இந்தப் பிரிவு ஒரு பக்கம் மட்டும்தான் நிற்கிறது. குதம் நகர்ந்தது யுராசிக் காலத் தொடக்கத்தில், வட்ட முள்ளெலிகளின் ஒரு கிளைக்குள். அந்தக் கிளையில் வந்தவை எல்லாம் ஒரு குடும்பம், சரி. நகராமல் இருந்தவை ஒரு குடும்பம் அல்ல. பழைய நிலையிலேயே இருந்துவிட்டவை, அவ்வளவுதான். அவற்றுள் சில, தம்மைப் போன்ற வட்டக்காரர்களைவிட இதயவடிவக்காரர்களுக்கு நெருங்கிய சொந்தம்.

அதற்கு அடியில் இன்னொரு பெரிய பிளவு இருக்கிறது. சிடறொயிட்டுகள் ஒரு பக்கம், இன்றைய மற்ற முள்ளெலிகள் அனைத்தும் இன்னொரு பக்கம். சிடறொயிட்டின் இடைப்பட்டைத் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெரிய குமிழ், அதில் விரல் பருமனுக்குக்கூட முள் வரும். காற்பட்டை மெலிந்து நெளிந்து போகும். அந்த முள்ளின் மேல் தோல் வளர்ந்த பிறகு இருப்பதில்லை, அதனால் பாசியும் சிறு பிராணிகளும் அதில் குடியேறிவிடும். பாறையில் ஓடு கிடைக்காமல் முள் மட்டும் கிடைப்பது இவற்றில் சகஜம். ஆகவே முள்ளை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிய இனங்கள் ஏராளம். முள்ளுக்கு ஒரு பெயர், ஓட்டுக்கு ஒரு பெயர் என்று ஒரே பிராணி இரண்டு இடத்தில் கிடக்கும்.

2024 பெப்ரவரி 17, பின்னேரம்

9ஆம் திகதி சொன்ன கணக்கை நீட்ட வேண்டும். 20 வரிசை என்று சொன்னது இன்றைய முள்ளெலிகளுக்கு. பழைய உயிர்க்காலத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. போத்ரியோசிடாரிஸ் என்ற ஓர்டோவிசியன் காலத்துப் பிராணிக்கு இடைப்பட்டையில் ஒரே வரிசை. ஆர்க்கியோசிடாரிஸில் நான்கு. மெலோனெக்கினஸில் காற்பட்டையிலும் பல வரிசை, இடைப்பட்டையிலும் பல வரிசை. பெர்மியன் முடிவில், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் உயிர்களில் பெரும்பகுதி அழிந்தபோது முள்ளெலிகளில் மிகச் சில வழிகளே தப்பின. தப்பியவற்றின் கணக்குத்தான் இன்றைய கணக்கு. 20 வரிசையில் ஏதோ தனிச்சிறப்பு இருந்து அது வென்றது என்று நான் நினைக்கவில்லை. தப்பியவை எப்படி இருந்தனவோ அதுவே சட்டமாகிவிட்டது.

2024 பெப்ரவரி 25

பல் பற்றிய கேள்வி. வட்ட முள்ளெலியின் வாய்க்குள் ஐந்து பல்லும், அவற்றைத் தாங்கி நகர்த்துகிற ஒரு பொறியும் உண்டு. அரிஸ்டோட்டில் அதைப் பார்த்து எழுதியதால் இன்றும் அரிஸ்டோட்டிலின் விளக்கு என்றே பெயர். பல் 5, தாடைப் பாதிகள் 10, அவற்றின் மேல் மூடிகள் 10, குறுக்குச் சட்டங்கள் 5, மேலே வளைந்த கம்பிகளின் துண்டுகள் 10. மொத்தம் 40. பல் தேயத் தேய மேலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும்.

பல்லின் குறுக்கு வெட்டு பள்ளமாக இருக்கிறதா, உள்பக்கம் முதுகு வைத்திருக்கிறதா, மேல் மூடிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்பவற்றைக் கொண்டு ராபர்ட் ஜாக்சன் 1912இல் பெரிய பிரிவுகளை அமைத்தார். அதன் தாக்கம் இன்னும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் செத்த பிறகு இந்த 40 துண்டுகளும் சிதறிவிடும். கல்லில் அவை இருக்கிற இடத்தில் இருப்பது அபூர்வம். ஆனால் விளக்கைத் தாங்கிய தசைகள் ஒட்டிய மேடுகள் வாயின் உள்விளிம்பில் நிலைத்திருக்கும். சிடறொயிட்டுகளில் அந்த மேடு இடைப்பட்டையில், மற்ற வட்ட முள்ளெலிகளில் பெரும்பாலும் காற்பட்டையில். உடைந்த ஓடு கிடைத்தால் தூக்கி எறியாமல் உள்பக்கத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். முழு ஓட்டில் தெரியாததை உடைந்தது காட்டும்.

என் அரியலூர்க் கல்லுக்குப் பல் கிடையாது. அது சேர்ந்த காசிடுலொயிட் கூட்டத்தில் குஞ்சுப் பருவத்தில் விளக்கு இருந்து, வளர்ந்ததும் மறைந்துவிடும். வாயைச் சுற்றிக் காற்பட்டைகள் மறுபடி அகன்று துளைகள் நெருங்கியிருக்கின்றன, அவற்றின் இடையே ஐந்து மேடுகள். மண்ணை அள்ளி விழுங்க அது போதும். உயரமான ஓடு, குதம் பின்சரிவில் மேலே. ஸ்டிக்மடோபைகஸ் என்ற பேரினம் என்றே வைத்திருக்கிறேன்.

2024 பெப்ரவரி 26

இன்னொன்று. பதுளைத் தம்பி மணற்காசு முள்ளெலிகளைப் பற்றிக் கேட்டிருந்தார். தட்டையாக, சிலவற்றின் ஓட்டில் ஊடுருவும் துளைகளும் இருக்கும். உயிர்ச்சுவடாக அவை டைனோசர்களுக்குப் பிந்திய பாறைகளில்தான் வருகின்றன. பல்லையும் வைத்திருக்கின்றன, படுக்கை வாட்டில். தடித்த ஓடுள்ள கிளிப்பீஸ்டர் கூட்டமும் மெல்லிய மணற்காசுகளும் உடன்பிறந்தவை என்று எல்லோரும் நெடுங்காலம் எழுதினார்கள். இரண்டுக்கும் இதழ், இரண்டுக்கும் பல், இரண்டுக்கும் ஓட்டுக்குள் தூண்கள். 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வில் அவை பிரிந்துபோயின. மணற்காசுகளுக்கு நெருங்கிய சொந்தமாக வந்தது, வளர்ந்ததும் பல்லை இழக்கிற எக்கினோலம்பாஸ் கூட்டம், என் கல்லின் சாயலுள்ளது.

இதிலிருந்து "தட்டுகளைப் பார்ப்பது வீண், மரபணுதான் உண்மை" என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு கோடி ஆண்டுக் கல்லில் மரபணு இல்லை. அதன் தட்டுகள்தான் இருக்கின்றன. மரபணு வரைந்த மரத்தில் எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று காலம் குறிப்பதும் கல்தான். இரண்டும் முரண்படுகிற இடத்தில் தட்டுகளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

2024 மார்ச் 10

மலையில் இல்லையென்றால் இலங்கையில் எங்கேதான் உண்டு என்று கேட்டவர்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரை வடமேற்குக் கரையோரம் நீளும் மயோசின் சுண்ணாம்புக்கல்லிலும், தென்கிழக்கே யால பக்கம் மினிஹாகல்கந்தையிலும் அந்தக் காலத்துக் கடல் உயிர்கள் உண்டு. வேலண்ட், டேவிஸ் இருவரும் 1923இல் இலங்கையின் மயோசின் பற்றி எழுதினார்கள். பிறகு தெரணியகல அதில் நெடுங்காலம் உழைத்தார். இவை ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுக் கணக்கு. எங்கள் மலைகளின் வயதோடு பார்த்தால் நேற்றைய கல்.

யாழ்ப்பாணம் போகும்போது பழைய மதில்களைக் கூர்ந்து பாருங்கள். நான் போனபோது கல்யாண வீட்டை விட்டு மதிலோரம் நின்றதற்குச் சித்தியிடம் நன்றாக வாங்கிக் கட்டினேன். சிப்பி, சங்கு அச்சுகள் நிறையத் தெரிந்தன.

2024 மார்ச் 14

புத்தளத்திலிருந்து கிடைத்ததாக மாத்தளைத் தம்பி இப்போது ஒரு படம் போட்டிருக்கிறார். மனம் நிறைந்த சந்தோஷம் தம்பி, இது முள்ளெலிதான். ஐந்து காற்பட்டை இருக்கிறது, முன்னது மட்டும் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது, அதனால் இதயவடிவக் கூட்டம். ஆனால் இனப் பெயர் கேட்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஓடு அல்ல, ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய சேறு. ஓடு கரைந்துபோய்விட்டது. துளைகள் உட்பக்கமும் திறப்பதால் இதழ்களின் தடம் பதிந்திருக்கிறது. குமிழ்களும், நுண்முட்கள் அடர்ந்து ஓடும் பட்டைத் தடங்களும் வெளிப்பரப்பில் இருப்பவை, அவை உள்வார்ப்பில் வரவே வராது. இதயவடிவக் கூட்டத்தில் பேரினங்களைப் பிரிப்பதற்கு அந்தப் பட்டைத் தடங்கள் எந்த வழியே ஓடுகின்றன என்பது அவசியம்.

கீழ்ப்பக்கத்தில் கொஞ்சம் வெள்ளையாக ஒட்டியிருப்பது மிஞ்சிய ஓடாக இருக்கலாம். வினாகிரி போட்டுக் கழுவாதீர்கள், ஓடு கல்சைற், கரைந்துவிடும். மரப்பல்குத்தியும் பழைய பல்துலக்கியும் தண்ணீரும் போதும். காய்ந்ததும் மேலிருந்து ஒன்று, வாய்ப்பக்கம் ஒன்று, குதப்பக்கம் ஒன்று எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் அடிமட்டம் வைத்து. காற்பட்டை III படத்தின் மேற்புறம் பார்க்கட்டும்.